ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதே குழந்தை ஷாக்கில் இருக்க முடியுமா? திரவம் எவ்வளவு, எங்கே நிறுத்துவது?

தாலுகா டூட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு தாலுகா மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் எங்களிடம் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அண்மையில் ஓர் இரவு 14 மாத ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். எடை 9 கிலோ. மூன்று நாள் காய்ச்சல். அன்று காலையிலிருந்து நான்கைந்து முறை தண்ணீராகப் பேதி. நாடித்துடிப்பு 184, மூச்சு 56. பாதங்கள் சில்லிட்டிருந்தன, மார்பெலும்பின் மேல் அழுத்திவிட்டுப் பார்த்தால் நிறம் திரும்ப ஐந்து விநாடி ஆனது. "மடியில் போட்டால் போட்டபடியே கிடக்கிறான்" என்றார் தாய். ஆனால் ரத்த அழுத்தம் 94/58.

உடனிருந்த மூத்த மருத்துவர், பிரஷர் 94 இருக்கும்போது இதை ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை) என்று சொல்ல முடியாது, மெயின்டனன்ஸ் திரவம் (அன்றாடத் தேவைக்கான அளவு) போதும் என்றார். ஷாக்தான் என்பது என் கருத்து. கிலோவுக்கு 10 மி.லி. வீதம் இரண்டு முறை ரிங்கர் லாக்டேட் (நாளத்தில் ஏற்றும் உப்புக் கரைசல்) கொடுத்து, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போட்டு அனுப்பிவைத்தோம். குழந்தை தேறி வீடு திரும்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. எனினும் என் இரண்டு கேள்விகள் அப்படியே இருக்கின்றன. பிரஷர் சரியாக இருக்கும்போதே ஷாக் என்று முடிவெடுக்க எதை நம்பலாம்? நான் படித்த காலத்தில் 20 மி.லி. வீதம் மூன்று முறை வேகமாக ஏற்றச் சொன்னார்கள். ஆப்பிரிக்க ஆய்வுக்குப் பிறகு அதுவே ஆபத்து என்கிறார்கள். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் இருப்பவன் எதைப் பின்பற்றுவது?

பிஐசியு பழைய கை எழுதியது:

டாக்டர், முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன், இரண்டாவது நீளமானது.

ஒன்று முதல் பத்து வயது வரை சிஸ்டாலிக் அழுத்தத்தின் (இரண்டு எண்களில் மேலே உள்ளது) கீழ் எல்லையை 70 உடன் வயதின் இரு மடங்கைக் கூட்டிக் கணக்கிடுகிறோம். உங்கள் குழந்தைக்கு அது 72. அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் ஷாக் என்று காத்திருந்தால், சிகிச்சைக்கு இருந்த நேரத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டுத்தான் தொடங்குவோம். சிறு குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைப் பெரிதாகக் கூட்டிக்கொள்ள முடியாது. ஆகவே துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அதே வேளையில் தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் ரத்தக்குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. குழாய்கள் இறுகியிருக்கும் வரை கருவியில் தெரியும் எண் கெடாது. ஒன்பது கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே ஏறக்குறைய 720 மி.லி. ரத்தம்தான். அதில் நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும் பிரஷர் தாக்குப்பிடிக்கலாம். பிரஷர் சரிந்துவிட்டால் இதயம் நிற்பதற்கு அதிக நேரம் இருப்பதில்லை.

எனவே நான் பார்ப்பது சில்லிப்பு எங்கே முடிகிறது என்பதை. கால் விரலிலிருந்து புறங்கையை மேல்நோக்கி நகர்த்திச் செல்லுங்கள். குளிர் கணுக்காலில் முடிகிறதா, முழங்காலில் முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடையிடுக்கில் நாடி நன்றாகக் கிடைத்து, பாதத்தின் மேல் கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பொருள் உண்டு. கேபிலரி ரீஃபில் (அழுத்திய இடத்தில் நிறம் திரும்பும் நேரம்) பார்க்கும்போது ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துப் பிறகு விடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் கட்டிலில் பார்க்காதீர்கள். இவற்றோடு சேர்த்துக் குழந்தை உங்களைப் பார்க்கிறதா, ஊசி குத்தும்போது எதிர்க்கிறதா என்று கவனியுங்கள். ஊசிக்கு அழாத 14 மாதக் குழந்தையை நான் ஒருபோதும் "அமைதியான குழந்தை" என்று எழுதமாட்டேன்.

இதற்கு நேர்மாறான தோற்றமும் உண்டு. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) உள்ள சில குழந்தைகளின் கைகால் வெதுவெதுப்பாக இருக்கும், நாடி துள்ளும், அழுத்திய இடத்தில் நிறம் கணப்பொழுதில் திரும்பும். டயஸ்டாலிக் (கீழே உள்ள) எண் சிஸ்டாலிக்கின் பாதிக்கும் கீழே கிடக்கும். சிஸ்டாலிக்கை மட்டும் பார்ப்பவர் இந்தக் குழந்தையையும் தவறவிடுவார்.

ஈரோடு குழந்தைநலம் எழுதியது:

மாற்றுக்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு பத்து வரை கூடும். அழுதால் இன்னும் கூடும். கேபிலரி ரீஃபிலை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு எண் சொல்வார்கள். மழைக்காலத்தில் என் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் காய்ச்சல் குழந்தைகளில் பாதிப் பேருக்குத் துடிப்பு 160-க்கு மேல்தான். அத்தனை பேரையும் ஷாக் என்று சேர்த்து டிரிப் ஏற்றினால் தீங்குதான் மிகும்.

மேலும், குழந்தைகளின் செப்சிஸுக்காக 2024-இல் வெளியான ஃபீனிக்ஸ் வரையறையில் இதயச் செயல்பாட்டுக்குரிய மதிப்பெண்ணில் ரத்த அழுத்தம், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ரத்தத்தில் ஏறுவது), இதயத்தைத் தாங்கும் மருந்துகள் ஆகிய மூன்றுதான் இருக்கின்றன. நாடித்துடிப்பும் இல்லை, கேபிலரி ரீஃபிலும் இல்லை. உலக அளவில் வல்லுநர்கள் விலக்கிய அறிகுறிகளை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

ஈரோடு டாக்டர் சொல்வது வெளிநோயாளர் பிரிவுக்குப் பொருந்தும். வார்டில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். காய்ச்சல் மருந்து கொடுத்து, உடம்பு இறங்கி, குழந்தை தூங்கும்போது எண்ணிப் பாருங்கள். தூக்கத்திலும் 170-க்குக் குறையாத துடிப்பைக் காய்ச்சலின் கணக்கில் எழுத முடியாது.

பிரஷர் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு உரிய கஃப் கிடைக்காதபோது கையில் அகப்பட்டதைச் சுற்றிவிடுகிறோம். கஃப் சிறிதாக இருந்தால் பிரஷர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கையின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். ஆகவே 94 என்ற எண்ணை எந்தக் கஃபில் எடுத்தார்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

இன்னொன்று, ஆக்சிமீட்டர். திரையில் அலை தட்டையாகி, எண் வருவதும் போவதுமாக இருந்தால் புரோபைக் கழற்றி வேறு விரலில் மாட்டுவோம், பிறகு வேறு புரோப் கேட்போம். அந்த நேரத்தில் விரலைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். சிறுநீருக்கு டயாப்பரை எடை போடுகிறோம். ஒரு கிராமை ஒரு மி.லி. என்று கொள்ளலாம். மணிக்கு கிலோவுக்கு 1 மி.லி.க்குக் குறைந்தால் டாக்டரை எழுப்பிவிடுவேன். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பிஐசியு பழைய கை எழுதியது:

செவிலி அவர்கள் எழுதியது எனக்குப் பாதி வேலையைக் குறைத்துவிட்டது. ஈரோடு டாக்டருக்கு: ஃபீனிக்ஸ் வரையறை, தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட குழந்தைகளை வகைப்படுத்தவும் ஆய்வுகளில் ஒப்பிடவும் உருவானது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் சல்லடையாக அது வடிவமைக்கப்படவில்லை என்று அதை உருவாக்கியவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இதயத்தைத் தாங்கும் மருந்து தொடங்கிய பிறகு மதிப்பெண் கிடைக்கும் ஒரு முறையை வைத்து, மருந்து தொடங்கலாமா என்று தீர்மானிக்க இயலாது.

தனித்த ஓர் அறிகுறி போதாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அவசர வகைப்படுத்தல் முறையும் சில்லிட்ட கைகால், 3 விநாடிக்கு மேற்பட்ட கேபிலரி ரீஃபில், பலவீனமான வேகநாடி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஷாக் என்கிறது. பெரிய மருத்துவமனைக்கு இது சற்றுக் கண்டிப்பான அளவுகோல். மூன்றில் இரண்டு இருந்தாலே நான் பக்கத்தில் நின்றுகொள்வேன். எப்படிப் பார்த்தாலும், தாலுகா டாக்டர் கண்ட குழந்தைக்கு நாடி எவ்வளவு பலமாக இருந்தது என்பது மட்டும்தான் அவர் பதிவில் விடுபட்டிருக்கிறது. மற்றவை அனைத்தும் ஒரே பக்கம் சுட்டுகின்றன.

தாலுகா டூட்டி எழுதியது:

பாதத்தில் நாடி கிடைக்கவில்லை. முழங்கை மடிப்பில் மெலிதாகக் கிடைத்தது. கஃப் குழந்தைக்குரியதுதான். இப்போது திரவத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா.

பிஐசியு பழைய கை எழுதியது:

நீங்கள் குறிப்பிடும் ஆய்வு ஃபீஸ்ட். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்து, 2011-இல் வெளியானது. கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு அல்புமினும் (ரத்தப் புரதக் கரைசல்), ஒரு பிரிவினருக்கு சலைனும் போலஸாக (குறுகிய நேரத்தில் மொத்தமாக) கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் போலஸே கொடுக்கவில்லை. போலஸ் பெற்ற இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம், பெறாத பிரிவில் 7.3 சதவீதம். எங்கள் துறையில் இத்தனை விவாதத்தைக் கிளப்பிய முடிவு வேறு இல்லை. கூடுதல் இறப்புகள் நுரையீரலில் நீர் கோத்து நிகழ்ந்திருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினோம். பின்னர் வந்த பகுப்பாய்வு, போலஸ் பெற்றவர்களில் ரத்த ஓட்டச் சரிவால் இறந்தவர்களே கூடுதல் என்று காட்டியது. தொடக்கத்தில் நாடி தேறியதைப் போலத் தெரிந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

ஈரோடு குழந்தைநலம் எழுதியது:

அந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. மூன்றில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 5-க்கும் கீழே. நம் ஊர்க் குழந்தைகளுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகுமா? இங்கே நான் போலஸின் பக்கம் நிற்கிறேன்.

பிஐசியு பழைய கை எழுதியது:

அப்படியே பொருத்தக் கூடாதுதான். நம் பக்கத்து ஆய்வுகளும் உள்ளன. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 147 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 40 மி.லி. திரவத்தை 15 நிமிடத்தில் ஏற்றுவதையும், 20 மி.லி.யை 20 நிமிடத்தில் ஏற்றுவதையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. வேகம் எந்த நன்மையையும் கூட்டித் தரவில்லை. டெல்லி எய்ம்ஸில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு போலஸையும் 5 முதல் 10 நிமிடத்தில் ஏற்றியவர்களுக்கு, 15 முதல் 20 நிமிடத்தில் ஏற்றியவர்களைவிடச் செயற்கைச் சுவாசம் அதிகமாகத் தேவைப்பட்டது. வென்டிலேட்டர் அருகிலேயே இருக்கும் இடத்தில் இது ஒரு தொல்லை. தாலுகா மருத்துவமனையில் அதுவே குழந்தையின் முடிவாகிவிடும்.

2020-இல் வந்த சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தீவிர சிகிச்சை கிடைக்கும் இடத்தில், 10 முதல் 20 மி.லி. வீதமான போலஸ்களாக, முதல் ஒரு மணி நேரத்தில் 40 முதல் 60 மி.லி. வரை போகலாம். தீவிர சிகிச்சை இல்லாத இடத்தில், பிரஷர் குறையவில்லை என்றால் போலஸே வேண்டாம், மெயின்டனன்ஸ் மட்டும். பிரஷர் குறைந்திருந்தால் 40 மி.லி. வரை. இதன்படி உங்கள் மூத்த மருத்துவர், இது ஷாக் இல்லை என்று சொன்னதில் தவறினாலும், மெயின்டனன்ஸ் போதும் என்றதில் வழிகாட்டுதலின் எழுத்துக்கு நெருக்கமாகத்தான் நிற்கிறார். ஒன்றரை மணி நேரத் தொலைவில் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தை "உள்ள இடம்" என்பதா "இல்லாத இடம்" என்பதா என்று அந்த எழுத்து சொல்லவில்லை.

இனி உங்கள் குழந்தைக்கு வருவோம். அவனுக்குப் பேதி இருந்தது. ஃபீஸ்ட் ஆய்வில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. உடலிலிருந்து நீர் வெளியேறியதால் வந்த ஷாக்குக்கு நீர்தான் மருந்து. நீரிழப்பு கடுமையாக இருந்தால் ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு அரை மணியில் கிலோவுக்கு 30 மி.லி., அடுத்த இரண்டரை மணியில் 70 மி.லி. என்ற உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் நான்கைந்து முறை பேதி மட்டும் ஐந்து விநாடிக் கேபிலரி ரீஃபிலை விளக்குமா? கண்கள் குழிந்திருந்தனவா, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பியதா? மூச்சு 56 என்பது நுரையீரல் நோயால் வந்ததா, அமிலத்தன்மையால் வந்த ஆழ்ந்த மூச்சா? இவற்றுக்கு விடை தெரியாத நிலையில் 10 மி.லி. கொடுத்து, மறுபடி பரிசோதித்து, இன்னொரு 10 மி.லி. கொடுத்தீர்கள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எண் பத்தா இருபதா என்பதைவிட, இரண்டு போலஸ்களுக்கு இடையில் குழந்தையைத் தொட்டுப் பார்த்தோமா என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

அதை எப்படிச் செய்கிறோம் என்று புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைத் தொங்கவிட்டு ரோலரை முழுவதும் திறந்துவிட்டால் சிறு குழந்தையின் 24 எண் வென்ஃப்ளானில் (நாளத்தில் செருகும் குழாய்) எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. திறந்தபடியே மறந்துபோவதும் நடக்கும். ஆகவே த்ரீ-வே (மூன்று வழித் திருகு) மாட்டி, 50 மி.லி. சிரிஞ்சில் பாட்டிலிலிருந்து இழுத்துக் குழந்தைக்குத் தள்ளுகிறோம். 9 கிலோவுக்கு 10 மி.லி. என்றால் 90 மி.லி.; 45 மி.லி.யாக இரண்டு சிரிஞ்ச். ஒருவர் தள்ள, இன்னொருவர் சத்தமாக எண்ணிக் குறித்துக்கொள்வார்.

தொடங்கும் முன்பே கல்லீரலின் விளிம்பைத் தடவிப் பார்த்துப் பேனாவால் வயிற்றில் கோடு போடச் சொல்லி டாக்டரிடம் கேட்போம். ஒவ்வொரு போலஸுக்குப் பிறகும் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கிறதா, முதுகுப் பக்கம் கரகரப்பு புதிதாகக் கேட்கிறதா, மூச்சு எண்ணிக்கை ஏறியதா, ஆக்சிஜன் அளவு இறங்கியதா, குழந்தை முனகத் தொடங்கியதா என்று பார்ப்போம். அவற்றில் ஒன்று இருந்தாலும் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கயத்தாறு அம்மா எழுதியது:

நான் மருத்துவத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. எங்களைப் போன்றவர்கள் படிக்கலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் வரும்போதெல்லாம் என் மகளுக்குக் கைகால் சில்லிட்டுப்போகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஒவ்வொரு முறையும் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

தாராளமாகப் படியுங்கள், அம்மா. காய்ச்சல் ஏறும் நேரத்தில் நடுக்கத்தோடு கைகால் குளிர்வது இயல்பே. எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு இறங்கியதும் மறுபடி தொட்டுப் பாருங்கள். கைகாலில் சூடு திரும்பி, மகள் தண்ணீர் குடித்து, உங்களோடு பேசினால் பதற வேண்டாம். உடம்பின் சூடு குறைந்த பிறகும் கைகால் சில்லென்றே இருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், எழுப்பினாலும் துவண்டு விழுந்தால், வயிற்று வலியோ தொடர்ந்த வாந்தியோ இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். டெங்கு பரவும் மாதங்களில், நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்டதும் குழந்தை சோர்ந்துபோனால், அதைக் குணமாகிவிட்டது என்று கொள்ளாமல் கட்டாயம் காட்டுங்கள்.

மட்டக்களப்பு வைத்தியர் எழுதியது:

டெங்கு பற்றிய பேச்சு வந்ததால் இலங்கையிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். 2017-இல் எங்கள் நாட்டில் 1,86,000-க்கும் மேற்பட்ட நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டு நோயாளர் விடுதிகளில் (வார்டுகளில்) நின்றவர்கள் பெரிய பாடமொன்றைக் கற்றோம்: டெங்குவில் திரவம் குறைந்தாலும் பிள்ளை இறக்கும், கூடினாலும் இறக்கும்.

டெங்கு ஷாக் வேறு விதமானது. ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும் காலம் 24 முதல் 48 மணித்தியாலம் வரைதான். பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் வருத்தம் (நோய்) இருப்பதாகவே தெரியாது. சிஸ்டாலிக் அசையாமல் நிற்க, டயஸ்டாலிக் மேலேறி, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அது ஷாக். 100/82 என்ற அளவைக் கண்டு நிம்மதியடைந்த தாதியரையும் வைத்தியரையும் நான் கண்டிருக்கிறேன். பிரஷர் காக்கப்பட்ட நிலையில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை ஒரு மணித்தியாலத்தில் கொடுக்கிறோம். பிரஷர் விழுந்துவிட்டால் 20 மி.லி.யை 15 நிமிடத்தில் கொடுப்போம். அதன் பிறகு ஹீமடோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்துப் படிப்படியாகக் குறைப்போம்.

எங்கள் தேசிய வழிகாட்டலில் கசிவுக் காலம் முழுவதற்கும் ஒரு திரவ ஒதுக்கீடு உண்டு: ஒரு நாள் மெயின்டனன்ஸும் உடல் எடையின் 5 சதவீதமும் சேர்ந்த தொகை. 20 கிலோ பிள்ளைக்கு 1,500 உடன் 1,000 சேர்ந்து 2,500 மி.லி. வாயால் குடிப்பதும் நாளத்தால் ஏறுவதும் இதற்குள் 48 மணித்தியாலத்துக்கு அடங்க வேண்டும். முதல் ஆறு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் செலவழித்துவிட்டோம் என்றால், எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று நின்று யோசிப்போம். பெரும்பாலும் அது உள்ளே நடக்கும் ரத்தக்கசிவு. ஹீமடோக்ரிட் இறங்கியும் நாடி தேறவில்லை என்றால் இன்னும் சேலைன் ஏற்றுவது பிழை. அந்தப் பிள்ளைக்கு ரத்தம் வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறி ரத்தக்கசிவில்லாத பிள்ளைக்குப் பிளேட்லெட் ஏற்றுவது பயனற்றது. உங்கள் பக்கத்தில் உறவினர்கள் அதற்காக வைத்தியரை நெருக்குவதாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் பக்கத்திலும் குறைவில்லை.

கிருஷ்ணகிரி காட்டுவழி எழுதியது:

தேள்கடியை யாரும் சொல்லவில்லை. செந்தேள் கொட்டிய குழந்தை வியர்த்துக் கொட்டி, கைகால் பனியாகக் குளிர்ந்து, துடிப்பு 190-இல் வரும். ஆண் குழந்தையாக இருந்தால் குறி விறைத்திருக்கும். மேலே சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இருக்கும். இதற்குப் போலஸ் ஏற்றினால் அரை மணியில் வாயில் நுரை தள்ளும். விஷம் உடலின் அட்ரினலினையெல்லாம் கொட்டவைத்து இதயத்தைத் தளரச் செய்கிறது. கொடுக்க வேண்டியது ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின், கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதை நிறுவிக் காட்டிய பிறகுதான் செந்தேள் கடியில் இறப்பு குறைந்தது.

இதயத்தால் வரும் ஷாக்கின் மற்ற வகைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும் கைக்குழந்தைக்குக் கல்லீரல் பெரிதாக இருந்தால் திரவம் ஏற்றும் கையை நிறுத்துங்கள். துடிப்பு 220-க்கு மேல், அழுதாலும் தூங்கினாலும் மாறாமல் நின்றால் ஈசிஜி எடுங்கள். அது தாளக் கோளாறு. பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வெளுத்துத் துவண்டு வரும் சிசுவுக்குத் தொற்றோடு, பிறவி இதயக் குறையையும் நினைக்க வேண்டும். தொடையிடுக்கு நாடி கிடைக்காவிட்டால் ப்ரோஸ்டாகிளாண்டின் (பிறந்தபின் மூடிக்கொள்ளும் இதய நாளத்தைத் திறந்தே வைக்கும் மருந்து) உள்ள இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.

ஈரோடு குழந்தைநலம் எழுதியது:

இதைக் கேட்டபின், நான் சொன்ன வரையறைச் சண்டையைவிட எந்த வகை ஷாக் என்ற கேள்வியே முக்கியம் என்று ஒப்புகிறேன். துடிப்பைத் தனியாக நம்ப மாட்டேன் என்பதில் மட்டும் மாற்றமில்லை. ஒன்று சேர்க்கிறேன்: நம் மாவட்டங்களில் ஐந்தாறு நாள் காய்ச்சலோடு ஷாக்கில் வரும் குழந்தையின் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாவற்றையும் துணி விலக்கிப் பாருங்கள். சிகரெட் சுட்டதைப் போன்ற கருநிறப் பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் தொற்று). அதற்கு செஃப்ட்ரியாக்சோன் எத்தனை நாள் போட்டாலும் கேட்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும்.

தாலுகா டூட்டி எழுதியது:

இரண்டு போலஸுக்கும் தேறவில்லை, கல்லீரல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இதயத்தைத் தாங்கும் மருந்துகளில் எங்கள் அலமாரியில் டோபமின் இருக்கிறது, அட்ரினலினும் இருக்கிறது. சென்ட்ரல் லைன் (இதயத்தருகே பெரிய நாளத்தில் இறங்கும் குழாய்) போட யாருமில்லை. டோபமினையே தொடங்கலாமா?

பிஐசியு பழைய கை எழுதியது:

அட்ரினலின். பிரேசிலில் 120 குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் டோபமின் பெற்றவர்களில் 20.6 சதவீதம் பேரும், அட்ரினலின் பெற்றவர்களில் 7 சதவீதம் பேரும் இறந்தார்கள். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் நடந்த ஆய்விலும் முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக் தீர்ந்தவர்கள் அட்ரினலின் பிரிவிலேயே அதிகம். இரண்டும் சிறிய ஆய்வுகள்தாம். ஆனாலும் பழக்கத்தைத் தவிர டோபமினுக்குச் சார்பாகச் சொல்ல எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருக்காதீர்கள். நல்ல புற நரம்பில், நீர்த்த கரைசலாகத் தொடங்கலாம். கிலோவுக்கு 0.1 மி.கி. அட்ரினலினை 50 மி.லி. கரைசலாக்குங்கள், மணிக்கு 3 மி.லி. ஓடினால் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். உங்கள் 9 கிலோ குழந்தைக்கு 0.9 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று ஆம்பூலில் 0.9 மி.லி. பாதி வேகத்தில் தொடங்கி ஏற்றுங்கள். லேபிளில் மருந்தின் பெயர், அளவு, எடை மூன்றையும் எழுதுங்கள். அந்த லைனில் வேறு எதையும் தள்ளக் கூடாது. ஊசி முனையைச் சுற்றி வெளுக்கிறதா, வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிஞ்ச் பம்ப் இல்லாவிட்டால் மைக்ரோடிரிப் செட்டில் எண்ணலாம். ஆனால் ஆம்புலன்ஸ் குலுங்கும்போது அந்த எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன். மாவட்டத்தில் எங்கேனும் ஒரு பம்ப் சும்மா இருந்தால் இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றியெட்டு தோழர் எழுதியது:

வணக்கம் டாக்டர். நாங்கள் வழியில் சந்திக்கும் சிக்கல் வேறு. வென்ஃப்ளான் கழன்றுவிடும், ஓடும் வண்டியில் ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு நரம்பு கிடைக்காது. வண்டியை நிறுத்திக் குத்திக்கொண்டே இருப்பதா, வேகமாகப் போய்ச் சேர்வதா? அனுப்பும் மருத்துவமனையில் என்ன செய்து தந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றும் எழுதுங்கள்.

பிஐசியு பழைய கை எழுதியது:

தோழரே, அந்தச் சிக்கலை வண்டி ஏறும் முன்பே அனுப்புகிறவர்கள் தீர்க்க வேண்டும். இரண்டு லைன் இல்லாமல் ஷாக் குழந்தையை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று நீங்கள் கேட்டு வாங்கலாம். நரம்பு கிடைக்கவில்லை என்றால் இரண்டு முயற்சிக்கு மேல் குத்திக்கொண்டிராமல் எலும்பு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கையில் தட்டுப்படும் முடிச்சிலிருந்து ஒரு விரலகலம் கீழே, உள்பக்கத் தட்டையான எலும்பில், வளர்ச்சித் தட்டு இருக்கும் மூட்டுப் பக்கத்தைத் தவிர்த்து ஊசியைச் செங்குத்தாகத் திருகி இறக்கினால் சடாரென்று தடை விலகுவது கையில் தெரியும். தனி ஊசி இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜை ஊசி போதும். திரவம், அட்ரினலின், ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதில் போகும். கெண்டைக்கால் சதை இறுகி வீங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வழியில் லைன் போய்விட்டால், அருகிலுள்ள மருத்துவமனை பத்து நிமிடத்துக்குள் என்றால் அங்கே போங்கள். அவர்களை முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள். ஆக்சிஜனை நிறுத்தாதீர்கள். சர்க்கரையைக் கிளம்பும் முன்பும் பாதி வழியிலும் பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி. கொடுக்க வேண்டும். பால் குடிக்காத குழந்தை துவண்டு கிடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரெஃபர் கடிதத்தில் நோயின் பெயரைவிட எனக்குத் தேவைப்படுபவை: எடை, இதுவரை போன திரவம் மி.லி. கணக்கில், ஆன்டிபயாட்டிக் போட்ட மணி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், கிளம்பும்போது துடிப்பும் கேபிலரி ரீஃபிலும். கல்லீரலுக்குப் போட்ட பேனாக் கோட்டைத் துடைக்காமல் அனுப்புங்கள்.

நூற்றியெட்டு தோழர் எழுதியது:

நன்றி டாக்டர். எலும்பு ஊசி போட்ட காலை வண்டியில் எதைக்கொண்டு அசையாமல் கட்டுவது?

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

காலின் அடியில் மடித்த துண்டு வைத்து, அட்டைச் சிம்பில் சேர்த்துக் கட்டுங்கள். ஊசியின் இருபுறமும் காஸ் உருண்டை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஊசி இறங்கிய இடத்தை மூடிவிடாதீர்கள், வீக்கம் வந்தால் தெரிய வேண்டும். கால் விரல்களையும் திறந்தே விடுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தொட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.